ஊசி ஏறிய தம்பியும் கயிறு ஏறிய அக்காவும்

ஒரு காட்டில், பேர் வைப்பதற்குப் போட்ட கமிட்டி இன்னும் கூடாததால் பேரில்லாமலே இருந்துவந்த ஒரு காட்டில், இரண்டு தேவாங்குகள் ஒரே வேங்கை மரத்தில் ஒரே நாளில் பிறந்தன. முதலில் பிறந்தது பெண். பேர் நுணா. கால் மணி நேரம் கழித்துப் பிறந்தது ஆண். மரத்தின் நினைவாக அவனுக்கு வேங்கையன் என்று அம்மா பேர் வைத்தாள். அந்தக் கால் மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நுணா ஆயுசு முழுக்க அக்காவாக இருந்தாள். வேங்கையனோ ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் தம்பியாக இருந்தான்.

தேவாங்குகளுக்குச் சொத்து என்றால் ஒன்றே ஒன்றுதான்: பிடி. குச்சிக் கை, குச்சிக் கால், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். நான்கில் மூன்று கிளையைப் பிடித்திருக்கும்போதுதான் நாலாவது நகரும். ‘மூணு பிடி, ஒரு நகர்வு.’ அந்தக் குலத்துக்குச் சட்டமும் வேதமும் போக்குவரத்து விதியும் இதுதான். ஆமைகூட அவர்களைப் பார்த்து, “கொஞ்சம் சீக்கிரம் போங்கப்பா” என்று சொல்லும். ஆனால் மரத்திலிருந்து விழுந்த தேவாங்கை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

இருந்து என்ன, மரியாதை இல்லை. ஒல்லியாக எது கண்ணில் பட்டாலும் “தேவாங்கு மாதிரி இருக்கு” என்பது அந்தக் காட்டின் பேச்சு. கொக்கைச் சொல்வார்கள். மூங்கிலைச் சொல்வார்கள். ஒரு நாள் நரி வேங்கையனையே மறித்து, “என்னடா, தேவாங்கு மாதிரி இருக்க?” என்றது.

“நான் தேவாங்குதானே.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

இதில் அவமானம் எங்கே இருக்கிறது என்று நுணா எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. புலியைப் பார்த்து ‘புலி மாதிரி இருக்கிறாய்’ என்றால் அது மீசையைத் தடவிக்கொள்கிறது. தேவாங்கைச் சொன்னால் மட்டும் ஏன் சோறு இறங்கக்கூடாது? ஆனால் வேங்கையனுக்கு இறங்கவில்லை. இரண்டு நாள் ஒரு வெட்டுக்கிளியைக்கூடத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆலமரத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். தீக்காவலர் வேலை, ஒரே ஓர் இடம். குன்றின்மேல் நிற்கும் தேக்கு மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்காவது புகை தெரிந்தால் மணி அடிக்க வேண்டும். பெரிய கண், நல்ல பிடி, அவசரமில்லாத குணம். இது தேவாங்குக்கென்றே கடவுள் தைத்த சட்டை என்று வேங்கையன் நினைத்தான். தனக்கும் இந்தக் காட்டில் ஒரு மரியாதை வரும் என்று நினைத்தான். அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு படிவம் வாங்கப் போனான்.

வரிசை ஓடை வரைக்கும் நின்றது. காலையில் நின்றவர்களுக்கு வெயில் சாய்ந்தபோது படிவம் கிடைத்தது. துணைக்கு வந்த நுணாவின் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள்.

“எனக்கு வேண்டாங்க. நான் சும்மா கூட வந்தேன்” என்றாள் நுணா.

“வரிசையில நின்னா படிவம். வாங்கின படிவத்த நிரப்பாம வெச்சிருந்தா குத்தம்” என்றது தேர்வு அதிகாரியான கரடி. சரி என்று அவளும் நிரப்பிக் கொடுத்தாள். நிரப்பும்போதுதான் ஏழாவது வரியைப் படித்தாள். ‘ஆண் விலங்குகளுக்கு மார்பளவு ஒரு சாண். மூச்சை இழுத்தால் கூடுதலாக நாலு விரல். பெண் விலங்குகளுக்கு மார்பு அளக்கப்பட மாட்டாது.’

“சார், யாரோட சாண்?”

கரடி தன் கையை விரித்துக் காட்டியது. அந்தக் கைக்குள் நுணா குடும்பத்தோடு குடியிருக்கலாம்.

“மணி அடிக்கிற வேலைக்கு மார்பு எதுக்கு சார்? தீய நெஞ்சாலயா அணைக்கப் போறாங்க?”

“ஒரு கம்பீரம் வேணாமாம்மா? தீ பாத்தாலே பயப்படணும்ல.”

“தீ எங்க சார் பாக்கப் போகுது? நாமதான் அதப் பாக்கணும். அதுக்குக் கண்ண அளங்க.”

“அடுத்து” என்றது கரடி.

தேர்வுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. வேங்கையன் அங்கேயே தன் மார்பை அளந்து பார்த்தான். கரடியின் கணக்கில் அரைச் சாண்கூட வரவில்லை. வந்ததிலும் பாதி முடி. மறுநாள் கொம்பையா மாஸ்டரின் ஜிம்மில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

கொம்பையா ஒரு காட்டுப்பன்றி. கழுத்து கிடையாது. தலைக்கும் தோளுக்கும் நடுவில் அதை எங்கோ தொலைத்திருந்தார். ஆற்றங்கரைப் பாறைகளைச் சின்னது பெரியது என்று அடுக்கிவைத்து, அதற்கு ஜிம் என்று பேர் சொல்லி நடத்திவந்தார். சுவரில் ஒரு காட்டெருமையின் படம். ‘மூன்றே மாதத்தில் இப்படி ஆகலாம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காட்டெருமை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்பதையும், அது ஜிம் வாசலை மிதித்ததே இல்லை என்பதையும் நுணா எடுத்துச் சொன்னாள்.

“நீ எதுக்கெடுத்தாலும் வாதாடுவ” என்றான் வேங்கையன்.

“நீ எதுக்கெடுத்தாலும் நம்புவ” என்றாள் நுணா.

ஒரு மாதம் பாறை தூக்கியும் மார்பு ஒரு விரல் கூடவில்லை. அப்போதுதான் மாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டு ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். மேலே எருமைக் கடாவின் படம்.

“தம்பி, இது கடாச்சாறு. வாரத்துக்கு ரெண்டு ஊசி. முள்ளம்பன்றி முள்ளு, சுத்தமா கழுவினது. இடுப்புல போட்டா நெஞ்சுல தெரியும்.”

“ஒண்ணும் ஆகாதே மாஸ்டர்?”

“என்னப் பாரு. எனக்கு ஏதாச்சும் ஆச்சா?”

தொலைந்துபோன கழுத்தைப் பற்றி வேங்கையன் கேட்கவில்லை. இன்னொரு கட்டளையும் போட்டார் மாஸ்டர். மரம் ஏறுவதை அடியோடு நிறுத்த வேண்டும், ஏறினால் வளர்ந்த சதை கரைந்துபோகும். ஆக, மரம் ஏறும் வேலைக்குத் தயாராவதற்காக வேங்கையன் மரம் ஏறுவதை விட்டான். தரையில் படுத்தான், தரையில் எழுந்தான். கிளை அவனை மறந்தது.

ஆனால் ஊசி வேலை செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாதத்தில் மார்பு பலாப்பழமாக முன்னால் வந்தது. கைகள் உலக்கையாயின. முதுகெல்லாம் பரு. குரல் தவளைக் குரலானது. கோபம் மூக்கு நுனியில் குடிவந்தது. ஒரு கரையான் புற்று தன்னை முறைத்துப் பார்த்தது என்று சொல்லி அதோடு அரை நாள் சண்டை போட்டான். நடக்கும்போது இரண்டு பக்கமும் யாரோ தர்ப்பூசணியைச் செருகிவைத்ததுபோலக் கையை அகட்டியே நடந்தான். வழியில் குட்டை எங்கே வந்தாலும் நின்று முகம் பார்த்தான், முகத்தை மட்டும் அல்ல. நரி இப்போது அவனைப் பார்த்தால், “வாங்கண்ணே” என்றது. அந்த ஒரு ‘அண்ணே’வுக்காக அவன் இன்னும் நூறு ஊசி போட்டுக்கொள்வான் என்பது நுணாவுக்குப் புரிந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றான். “வலின்னா வளருதுன்னு அர்த்தம்” என்று மாஸ்டர் ஒரு பச்சிலையை மென்று தின்னக் கொடுத்தார். வலி அடங்கிவிட்டது. நுணாவுக்கு அடங்கவில்லை. அவனைத் தரதரவென்று இழுக்கப் பார்த்தாள். முடியவில்லை, அவ்வளவு கனம். கடைசியில் ‘டாக்டர் பக்கத்துக் குட்டை ரொம்பத் தெளிவா இருக்காம்’ என்று சொன்னதும் அவனே முன்னால் நடந்தான்.

அந்தக் காட்டுக்கு டாக்டர் மரங்கொத்தி. அலகால் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடும் டாக்டரம்மா. மார்பில் தட்டினார், தோளில் தட்டினார், முழங்கையில் தட்டியபோது வேங்கையன் துள்ளினான்.

“என்ன ஊசி போடுற?”

“வெறும் சாறு.”

“சாறு இல்லடா, டெஸ்டோஸ்டிரோன், ஆம்பள ஹார்மோன். கூடவே அதே மாதிரி செஞ்ச ஸ்டீராய்டு ஒண்ணு ரெண்டும் கலந்திருக்கும்.” டாக்டரம்மா பக்கத்தில் கிடந்த காய்ந்த கொடியை அலகால் எடுத்துக் காட்டினார். “சதைய எலும்போட கட்டிவெச்சிருக்கிறது தசைநாண். இந்தக் கொடி மாதிரி. சதைக்கு ரத்தம் நெறைய, ஊசி போட்டா மளமளன்னு ஊதிரும். நாணுக்கு ரத்தம் கொஞ்சம். அது மெதுவாத்தான் மாறும். போதாததுக்கு இந்த மருந்தால அது வெறச்சும் போகலாம். கிளை நாலு மடங்கு தடிச்சிருக்கு, கட்டின கொடி பழசு. எல்லாருக்கும் அறுந்துரும்னு சொல்லல. ஒனக்கு வலி வந்திருச்சு. வெடுக்குன்னு ஒரு இழுப்பு இழுத்தேன்னா போச்சு.”

“டாக்டரம்மா, நீங்க ஜிம்முக்கே போனதில்ல. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஒரு நாளைக்குப் பன்னெண்டாயிரம் தடவ மரத்துல தலையால முட்டுறேன். ஒனக்குப் பயிற்சி பத்தி என்ன தெரியணும், கேளு.”

அவன் கேட்கவில்லை, வெளியே குட்டையைப் பார்க்கப் போய்விட்டான். டாக்டரம்மா நுணாவை அருகே கூப்பிட்டு, அவன் உடம்பில் எல்லாம் பெருத்தாலும் இரண்டு மட்டும் சிறுத்திருக்கும் என்று காதோடு சொன்னார். எவை என்றும் சொன்னார். நுணா வழியெல்லாம் சிரித்தாள். அன்று மாலை, கிளைக்கு வராமல் தரையில் குறட்டை விட்டுத் தூங்கும் தம்பியைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. அந்தக் கை போய்விட்டால் அவனுக்கு என்ன மிச்சம்? பிடிதானே தேவாங்குக்குச் சோறு, பிடிதானே வீடு.

தேர்வு நாள் வந்தது. காலையில் மார்பளவு. வேங்கையன் மூச்சை இழுத்தான். நாடா போதாமல் கரடியே இரண்டு எட்டு பின்னால் போனது. “இதுதான் தீக்காவலர்” என்று கை தட்டியது. கூட்டமும் தட்டியது. மொத்தம் பத்தொன்பது பேர் தேறினார்கள். பத்தொன்பது பேரும் கொம்பையா மாஸ்டரின் மாணவர்கள்.

மதியம் கயிறு ஏறுதல். தேக்கு மரத்தின் உச்சியிலிருந்து கயிறு தொங்கியது, மேலே மணி. கயிறு வழியாக ஏறி மணியை அடிப்பவருக்கு வேலை. நேர வரம்பு என்று எதுவும் இல்லை. முன்பொரு காலத்தில் இந்த விதியை எழுதியது ஓர் ஆமை.

முதலில் முயல். கயிற்றை எட்டிப்பிடிக்க ஒரே தாவு தாவியது. பட் என்றது குதிகால் நாண். இரண்டாவது நரி. பட், தோள். மூன்றாவது மந்தி, நாலாவது மரநாய் என்று வரிசை நகர நகர, கீழே டாக்டரம்மாவின் முன்னால் இன்னொரு வரிசை வளர்ந்தது. பதினெட்டுப் பேரும் ஒரு வரிசையிலிருந்து மறுவரிசைக்கு மாறியபின் வேங்கையன் வந்தான்.

“தம்பி, மூணு பிடிடா” என்றாள் நுணா.

“ஒரே இழு தம்பி, மேல போயிரலாம்” என்றார் மாஸ்டர்.

அவன் மாஸ்டர் பேச்சைக் கேட்டான். அது போதாதென்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் வெடுக் வெடுக்கென்று இழுத்துப் போனான். பாதி மரம் தாண்டினான். முக்கால் மரம் தாண்டினான். நரி அடிபட்ட தோளோடு விசில் அடித்தது. மணி எட்டிவிடும் தூரத்தில் வந்துவிட்டது. கடைசியாக ஒரு பெரிய இழுப்பு.

பட்.

காய்ந்த மூங்கில் முறிந்ததுபோல் கீழே வரைக்கும் கேட்டது. வலது கையின் சதை துணிக்குள் ஓடிய எலிபோலச் சுருண்டு தோள் பக்கம் ஏறிக்கொண்டது. கை தொங்கிவிட்டது. உடம்பு அப்படியே தலைகீழாகச் சாய்ந்தது. கால்கள் மட்டும் விடவில்லை. மாதக்கணக்கில் கிளையைத் தொடாத கால்கள் எப்படியோ குலத்தை மறக்காமல் கயிற்றைக் கவ்விக்கொண்டன. கீழே பாறை.

“அக்கா” என்றான் வேங்கையன்.

காரியம் ஆகவேண்டியிருந்தது, தம்பியாகிவிட்டான்.

நுணா கயிற்றைப் பிடித்தாள். மூணு பிடி, ஒரு நகர்வு. மூணு பிடி, ஒரு நகர்வு. கீழே கரடி டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்து முடித்தது. ஆமை கொட்டாவி விட்டது. “அந்தப் புள்ள ஏறுதா, தூங்குதா?” என்று மந்தி கேட்டது.

“வெரசா வாயேன்க்கா.”

“வெரசா போனவன்தான தொங்குற. பேசாம இரு.”

“கையில உயிரே இல்லக்கா.”

“ஒரு கைதானடா போச்சு. மூணு இருக்கா? அத எண்ணு.”

அவன் எண்ணினான். மூன்று இருந்தது. அழுதுகொண்டே மறுபடி எண்ணினான், அப்போதும் மூன்று. அதற்குள் அவள் அவன் தலையைத் தாண்டி, பலாப்பழத்தைத் தாண்டி, அவன் கால்கள் இருக்குமிடத்துக்குப் போய்விட்டாள். கால் விரல்கள் பயத்தில் பூட்டிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீவி எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது அவள் தலை மேலே எதிலோ இடித்தது.

டங்.

நுணாவுக்கு அது என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. “இடது கையக் கீழ வை. பிடிச்சியா? இப்ப வலது காலு. என் தோளப் பிடி, அதான் ஒன் நாலாவது. மெதுவா.” இப்படியே தலைகீழாக அவனை இறக்கினாள். அவர்கள் தரையைத் தொட்டபோது கரடி இரண்டாவது டீயையும் முடித்திருந்தது.

டாக்டரம்மா அன்றைக்கே சிலந்தி நூலால் நாணை எலும்போடு இழுத்துத் தைத்தார். “நாள் கடத்தாம வந்தீங்க, அதனால நல்லபடியா ஒட்ட வாய்ப்பிருக்கு. நாலு மாசத்துக்கு இந்தக் கையால ஒரு அத்திப்பழம் தூக்கக்கூடாது. ஊசி பேச்சே கூடாது” என்றார். கை பிழைத்தது. நுணா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கரடி பட்டியலைப் புரட்டியது. மணி அடித்தவர் நுணா. படிவம் இருக்கிறது. மார்பளவு என்ற இடத்தில் ‘பொருந்தாது’ என்று இருக்கிறது. தகுதியில்லை என்று தள்ளுவதற்கு ஒரு காரணமும் இல்லை. காரணத்தை மூன்று தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்து, கீழே இரண்டு மதிப்பெண் கேள்வியும் கேட்கலாம். காடு அப்படி விடவில்லை.

“எத்தன ஊசி போட்ட?” என்று கேட்டது கரடி.

“ஒண்ணும் போடல சார்.”

“பத்தொன்பது ஆம்பளப் பயலுக ஊசி போட்டே ஏற முடியல. நீ போடாம ஏறினியாக்கும்?”

“போட்டதாலதான் சார் அவங்களால ஏற முடியல.”

கரடிக்கு இந்த வாதம் பிடிபடவில்லை. சிறுநீர்ச் சோதனைக்கு உத்தரவிட்டது. ஒரு துளி மருந்தும் இல்லை என்று முடிவு வந்தது. அதை வாங்கிக் கூட்டத்தின் முன்னால் உரக்கப் படித்தவர் கொம்பையா மாஸ்டர்.

“பாத்தீங்களா? சோதனையிலகூட சிக்காத சரக்கு. இதுதான் நம்ம புதுச் சரக்கோட தரம்.”

“நான் ஒங்க ஜிம்முக்கு வந்ததே இல்லையே மாஸ்டர்” என்றாள் நுணா.

“தன்னடக்கம்” என்றார் மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் உருகிப்போய்த் தலையாட்டியது.

வேங்கையன் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அக்கா பக்கம் பேசினான். “நான் போட்டேன், என் நாண் அறுந்துச்சு. அவ போடல, ஏறினா. என்னப் பாருங்க, அவளப் பாருங்க. இதுல என்ன புரியல?”

எல்லோரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். “பாவம், இவனுக்கு ஒத்துக்கல. அக்காகாரிக்கு ஒத்துக்கிருச்சு” என்றது நரி. “இனிமே எந்த ஊசியா இருந்தாலும் அந்தப் புள்ள போட்டத எனக்குக் குடுங்க மாஸ்டர்” என்றது முயல், நொண்டிக்கொண்டே.

மறுநாள் ஜிம் சுவரிலிருந்து காட்டெருமைப் படம் இறங்கியது. நுணாவின் படம் ஏறியது, குச்சிக் கை, குச்சிக் கால், பெரிய கண். கீழே பெரிய எழுத்தில்: ‘தேவாங்கு மாதிரி ஆக வேண்டுமா? மூன்றே மாதம்.’

நுணா மனு எழுதினாள். மனுவுக்கு வரிசையில் நின்றாள். வாதாடினாள். வாதாட வாதாட, “என்ன தெம்பு பாரு, எல்லாம் ஊசி” என்றார்கள்.

ஊசியை நிறுத்திய வேங்கையன் சில வாரம் எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்து கிடந்தான். அக்கா ஊட்டிவிட்ட வெட்டுக்கிளியைத் தின்றான். பலாப்பழம் மாம்பழமாகி, மாம்பழம் நெல்லிக்காயானது. நாலு மாதம் கழித்து, மூணு பிடி ஒரு நகர்வாக, தேக்கு மரத்தின் உச்சிக்கு அவனே ஏறி வந்தான். வர ஒரு முழு நாள் ஆனது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தான்.

ஜிம் வாசலில் தொடங்கிய வரிசை ஆலமரத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, குன்றின் அடிவாரம் வரை வளைந்து கிடந்தது.

“அக்கா, கடைசியில நிக்கிறது யாருன்னு தெரியுதா?”

நுணா கண்ணை அகட்டிப் பார்த்தாள். காட்டெருமை. பிறந்ததிலிருந்தே காட்டெருமையாக இருந்த அதே காட்டெருமை.

“அது என்னத்துக்குடா நிக்குது?”

“தேவாங்கு மாதிரி ஆகணுமாம்.”

நுணா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எட்டி, மணிக்கயிற்றைப் பிடித்து, காடே பற்றி எரிவதுபோல அடித்தாள். டங், டங், டங் என்று கை ஓயும்வரை அடித்தாள். வரிசை மொத்தமும் நிமிர்ந்து மேலே பார்த்தது.

“அடேங்கப்பா” என்றது காட்டெருமை, “அந்தக் கையப் பாருய்யா.” வரிசையில் இன்னும் ஒரு அடி முன்னால் நெருக்கி நின்றுகொண்டது.

நீதி: ஊசி போட்டு விழுந்தால் குற்றம் உன் உடம்புடையது, போடாமல் ஏறினால் பெருமை ஊசியுடையது. ஆகவே குழந்தைகளே, ஜெயிக்கும் யோசனை இருந்தால், முதலில் உங்கள் படத்தை யார் சுவரில் மாட்டப்போகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.